பதினோரு மீன் பிடித்த மாலை

முதல் கல்லின் அடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கல்லை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தேன். ஈரம், பாசி, அவ்வளவுதான். இருபது வருடமாக இந்த ஆற்றில் கல் புரட்டுகிறேன். அடிப்பக்கம் காலியாக இருந்த ஒரு கல்லைக்கூட அன்றுவரை பார்த்ததில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி அடுத்த கல்லுக்குக் குனிந்தேன்.

நான் ஏன் கல் புரட்டுகிறேன் என்பதைச் சொன்னால்தான் காலிக் கல் என்றால் என்னவென்று விளங்கும்.

ட்ரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களை ஆற்றுக்கு அழைத்துப் போவது என் தொழில். மண்புழு வைத்துப் பிடிக்கிற மீன்பிடிப்பு இல்லை இது. ஈத் தூண்டில். ஈ என்றால் நிஜ ஈ அல்ல. நகக்கண் அளவுள்ள கொக்கியில் இறகும் நூலும் முயல் ரோமமும் சுற்றிச் செய்கிற பொய்ப் பூச்சி. அதற்கு எடையே கிடையாது. எடையில்லாததை எப்படி வீசுவது? ஓர் இறகை எறிந்து பாருங்கள், காலடியில் விழும். அதனால் இந்தத் தூண்டிலில் எடையைக் கயிற்றில் வைத்துவிட்டார்கள். மேலே பூச்சு பூசிய கனமான கயிறு. கோலைப் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னே முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். கயிறு போகும், ஈ அதன் பின்னாலேயே போகும். அந்த ஒரு கணம் பொறுக்காதவர் தன் தொப்பியையே பிடிப்பார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் நாள் பிடிப்பது தொப்பியைத்தான்.

வீசத் தெரிந்தால் மட்டும் போதாது. ட்ரவுட் சோம்பேறி, கூடவே கணக்குப் பார்க்கிற மீன். ஓட்டத்தை எதிர்த்து முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு பாறையின் மறைவில் நிற்கும். ஆறு கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிடும். இன்று சின்னக் கறுப்புப் பூச்சி வருகிறதென்றால் அதைத்தான் தொடும், பெரிய பழுப்புப் பூச்சியைக் காட்டினால் திரும்பியும் பார்க்காது. அந்தப் பூச்சிகள் சிறகு முளைக்கும்வரை வாழ்வது ஆற்றுக் கற்களின் அடியில். தட்டையாக மூன்று வாலோடு ஒரு வகை. மணலைத் தன் எச்சிலால் ஒட்டி, அரிசி அளவில் வீடு கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் புழு இன்னொரு வகை. அதை நாங்கள் கல்வீட்டுக்காரர் என்போம். எனவே கோலைத் தொடுவதற்கு முன் கல்லைப் புரட்ட வேண்டும். பார்த்த பிறகு கல்லை அதே பக்கம் கீழே வரும்படி அதே குழியில் வைத்துவிட வேண்டும். குடியிருப்பவர்களை வெயிலில் விட்டுப் போகக் கூடாது. ஒரு கல்லுக்கு முப்பது நாற்பது பேராவது இருப்பார்கள்.

அன்று காலை பதினாறு கல் புரட்டினேன், எல்லாம் காலி. பதினேழாவதில் கல்வீடுகள் இருந்தன. ஒன்றை விரலால் பிதுக்கினேன். உள்ளே இருந்தது வெளுத்து, தொளதொளத்து, அசையாமல் வந்து விழுந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. வீடு இருந்தது, குடியிருந்தவர் செத்திருந்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். ஆற்றின் மேல்புறம், இருநூறு அடி தூரத்தில் என் மச்சானின் ஆட்டுப்பட்டி. யோசிக்கவே இல்லை. கரையேறி வீட்டுக்கு ஓடினேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். நூற்று நாற்பது ஆடுகள். ஆற்றங்கரைப் புல்வெளியில் மேய்க்க அரசு அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். ஆட்டுக்கு உண்ணி பிடிக்காமலிருக்க வருடம் இரண்டு முறை சிமெண்டுத் தொட்டியில் மருந்துத் தண்ணீர் கலந்து, ஒவ்வோர் ஆடாக முக்கி எடுப்பார். அந்த மருந்து ஆற்றுப் பூச்சிகளுக்கு எமன். ஒரு குவளை போதும், ஒரு கிலோமீட்டர் ஆறு காலி. அது தெரிந்ததால் அவர் ஆடு முக்கும் நாளில் தொட்டிப் பக்கத்தில் போலீஸ்காரனைப் போல நின்றுகொண்டிருப்பேன். "மாப்ள, வெயில்ல நிக்கறியே. உன்னையும் ஒரு முக்கு முக்கி எடுக்கட்டுமா?" என்பார். பதினைந்து வருடமாக இதே கிண்டல்.

வீட்டுக்குள் நுழைந்ததும் போனை எடுத்தேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குங்க இவ்ளோ காலையில?"

"ஆத்து அதிகாரிக்கு. உங்க அண்ணன் ஆத்தைக் கொன்னுட்டாரு."

"என்ன உளர்றீங்க? ஒரு வார்த்தை அவன்கிட்டயே கேட்டுட்டுப் பண்ணுங்களேன்."

"கேட்டா? ஆமாம் மாப்ள, நான்தான்னு சொல்லிடுவாரா?"

"சொல்ல மாட்டானா? பொய் சொல்லத் தெரியாதே அவனுக்கு. சின்ன வயசுல வெல்லம் திருடினாக்கூட வாயைத் தொடைக்காம வந்து நிப்பான்."

நான் எண்ணை அழுத்தினேன்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. நீண்ட ரப்பர் காலணி, ஒரு கைவலை, ஒரு வெள்ளைத் தட்டு. ஜீப்பின் முகப்பில் படிவத்தை விரித்து வைத்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்து ஒரு நிமிடம் நிறுத்தினார்.

"நிரூபணம் ஆச்சுன்னா மேய்ச்சல் அனுமதி இன்னிக்கே ரத்து. ஒரு வாரத்துல ஆடுங்க இந்தக் கரையைக் காலி பண்ணணும். பனி விழப்போகுது, வேற எங்கயும் இப்ப புல்லு கிடையாது. அதாவது வித்துடணும். தெரிஞ்சுதானே கையெழுத்துப் போடறீங்க?"

"தெரியும்" என்று சொல்லிப் போட்டேன்.

மச்சான் நாய் பின்தொடர வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார். படிவத்தின் அடியில் என் கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நான் ஆடு முக்கி ஒரு மாசம் ஆகுது மேடம். தொட்டித் தண்ணிய மேட்டுல குழி வெட்டி ஊத்துனேன். பக்கத்துல நின்னு பாத்ததே இவன்தான். ஏன் மாப்ள, பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். அதுக்கப்புறம் மருந்து ட்ரம்மைக் கழுவினீங்களா, எங்க கழுவினீங்கன்னு பாக்கலையே."

"ஓஹோ. அப்ப நான் குளிக்கறப்பவும் வந்து நின்னிருக்கணும் நீ."

அதிகாரி குறுக்கே கையை நீட்டினார். "சண்டை வேண்டாம். கல்லைக் கேட்டாத் தெரிஞ்சுடும்."

அவருடைய முறை எளிமையானது. எனக்கு உடனே பிடித்துப்போனது. விஷம் ஓட்டத்தோடு கீழேதான் போகும், மேலே ஏறாது. எனவே செத்த கல்லிலிருந்து தொடங்கி, ஐம்பது அடிக்கு ஒரு கல் வீதம் மேலே புரட்டிக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் உயிருள்ள கல் வருகிறதோ அங்கே நிற்க வேண்டும். கடைசிச் செத்த கல்லுக்கும் முதல் உயிருள்ள கல்லுக்கும் நடுவில்தான் விஷம் இறங்கியிருக்கும். எந்தச் சாட்சியும் வேண்டாம்.

நடந்துகொண்டே அவர் கேட்டார். "ரெண்டு மூணு நாளைக்கு முன்னால மீனுங்க ஏதாவது வித்தியாசமா நடந்துக்கிச்சா?"

"வித்தியாசம்னா, நல்ல வித்தியாசம் மேடம். மூணு நாள் முன்னாடி சாயங்காலம் பதினோரு மீன் புடிச்சேன். இருபது வருஷத்துல அப்படி ஒரு சாயங்காலம் இல்ல. எந்த ஈயைப் போட்டாலும் எடுத்துச்சு. ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை விட்டுட்டேன். அதோட வயித்தை அறுத்துப் பாத்தா தொண்டை வரைக்கும் பூச்சி. மறுநாள் விடியக்காலையிலயே டவுனுக்குப் போயிட்டோம், என் வீட்டுக்காரிக்கு டாக்டரைப் பாக்கணும்னு. நேத்து ராத்திரிதான் வந்தோம்."

அவர் நின்றுவிட்டார். "அந்த மருந்து பட்டா பூச்சிக்கு நரம்பு இழுத்துக்கும். கல்லை விட்டுடும். ஆறு முழுக்க ஒரே நேரத்துல மிதந்து வரும். மீனுங்களுக்கு அது விருந்து. நீங்க பாத்தது அதைத்தான்."

அந்த மாலை என் முழங்காலைச் சுற்றி ஆறு கொதிப்பது போல மீன்கள் எழும்பியது கண்முன் வந்தது. இரண்டு நாளாக நான் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்த மாலை அது. டாக்டரிடம்கூடச் சொன்னேன். கரையில் உட்கார்ந்து, நான் கட்டிய ஈயின் திறமையை நானே மெச்சிக்கொண்டிருந்த நேரத்தில், ஆறு என்னைத் தாண்டிச் செத்துக்கொண்டு போயிருக்கிறது.

பட்டிக்கு நேரே வந்தோம். அதிகாரி கல்லைப் புரட்டினார். காலி. நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தார். பட்டியைத் தாண்டி ஐம்பது அடி. இங்கே உயிர் இருக்க வேண்டும். நானே குனிந்து ஒரு கல்லைத் தூக்கினேன்.

காலி.

பக்கத்துக் கல். காலி. அதற்கும் மேலே, நூறு அடி. காலி.

"மேடம், இந்த விஷத்துக்கு ஏணி ஏறத் தெரியும் போல" என்றார் மச்சான்.

அதிகாரி குறிப்பேட்டில் எழுதினார். கீழே இருக்கிற பட்டியால் மேலே இருக்கிற கல் சாகாது. மீன்பிடிக்க வருகிறவர்களையெல்லாம் கல் புரட்டச் சொல்லும் நான், அன்று காலை பட்டியைத் தாண்டி மேலே வந்து ஒரே ஒரு கல்லைப் புரட்டியிருந்தால் போதும். போனைத் தொட்டிருக்க மாட்டேன்.

வளைவு திரும்பினோம். இப்போது மச்சானுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் போய் அவரே புரட்டத் தொடங்கினார். "இதுவும் காலி மேடம். இங்கயும் ஆளில்ல. எல்லாரும் வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க." நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் மோந்து பார்த்தது.

வளைவுக்கு அப்பால் இடதுபுறம் மலையிலிருந்து ஒரு சின்ன ஓடை வந்து ஆற்றில் சேர்கிறது. தாண்டிவிடலாம், அவ்வளவு அகலம்தான். அதிகாரி ஓடை சேரும் இடத்துக்குச் சற்று மேலே, பெரிய ஆற்றில் ஒரு கல்லைத் தூக்கினார். தட்டில் தண்ணீர் விட்டு அதை அலசினார். வெள்ளைத் தட்டு முழுக்கக் கறுப்பு எள்ளைக் கொட்டியது போல அசைந்தது. மூன்று வால்கள், கல்வீடுகள், எல்லாம்.

"ஆறு நல்லாயிருக்கு. வந்தது இந்த ஓடை வழியா" என்றார். "இது எங்கேயிருந்து வருது? மேல யாராவது குடியிருக்காங்களா?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்காங்க" என்றேன். "நாங்கதான். எங்க வீட்டுக்குப் பின்னாலதான் இது வருது. அதுக்கு மேல யாரும் இல்ல."

அதற்குப் பிறகு யாரும் கிண்டல் பேசவில்லை. ஓடையோரம் ஏறினோம். ஒவ்வொரு கல்லும் காலி. மேலே மலையில் ஏதாவது சரிந்திருக்கும், யாரோ வழிப்போக்கர் எதையோ கொட்டியிருப்பார் என்று மனசு காரணம் தேடியது. வீட்டில் சோப்புத் தண்ணீர்கூட ஓடைக்குப் போகாது. குழாய் வழியாக மண்குழிக்குப் போகும்படி நானே பார்த்துப் பார்த்துச் செய்தது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டி, எப்படி வேலை செய்கிறது என்று கால் மணி நேரம் விளக்குவேன்.

வீட்டின் பின்புறம் வந்தோம். ஓடையோரத்தில் ஒரு தட்டைப் பாறை. அதற்கு மேலே துணி காயப்போடும் கொடி. கொடியில் என் ஆற்றுக் கால்சட்டையும், மனைவியின் இரண்டு கால்சட்டைகளும், காலுறைகளும் தொங்கின.

அவற்றைப் பார்த்த உடனே எல்லாம் தெரிந்துவிட்டது.

போன பருவத்தில் என் மனைவிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. புல்வெளியில் நடந்தபோது காலில் ஏறிய ஒரு சின்ன உண்ணி. மூன்று வாரம் அவள் எழுந்திருக்கவில்லை. இந்த வருடம் அது வரவே கூடாது என்று, வெளியூர் போகிறவர்களுக்கான சாமான் விற்கும் கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். துணிக்கு என்று எழுதியிருந்தது, ஒரு ஆள் மலையில் நடப்பது போலப் படம் போட்டிருந்தது. வாளியில் கலந்து, துணிகளை அரை மணி நேரம் ஊற வைத்து, பிழியாமல் காயப்போட வேண்டும். அதன்படியே இந்தப் பாறையில் உட்கார்ந்து செய்தேன். மீதி அரை வாளி இருந்தது. சோப்பு இல்லை, அழுக்கு இல்லை, தெளிந்த தண்ணீர். வாளியை ஓடையில் கவிழ்த்தேன். ஓடைத் தண்ணீரிலேயே இரண்டு முறை அலசினேன். பிறகு கோலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். பதினோரு மீன்.

ஆட்டு மருந்து என்றால் விஷம் என்று எனக்குத் தெரியும். துணி மருந்து என்றபோது அது எனக்குத் துணிச் சமாசாரமாகப் போய்விட்டது.

அதிகாரி எனக்குப் பின்னால் குனிந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். மச்சான் பாறையைத் தாண்டி நாலடி மேலே போய், ஒரு கல்லைத் தூக்கித் திருப்பினார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வெளிச்சம் பட்டதும் கறுப்புப் புள்ளிகள் ஒட்டுமொத்தமாக விளிம்புப் பக்கம் நகர்ந்தன. மூன்று வால் பூச்சிகள் அப்படித்தான். வெளிச்சம் என்றால் மறுபக்கம் ஓடும்.

மச்சான் கல்லைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கல்லை, அதே பக்கம் கீழே வரும்படி, சத்தமே இல்லாமல் குழியில் வைத்தார்.

"இங்கயும் காலிதான் மேடம்" என்றார். "இன்னும் மேல போகணும். மலைக்கு மேல எவனோ கொட்டியிருக்கான். அவனை எங்க போய்ப் புடிக்கறது? விட்டுடுங்க."

பதினைந்து வருடமாக அவரை நான் காவல் காத்திருக்கிறேன். அவர் பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதுவும் அன்று காலை அவருடைய ஆடுகளை விற்க வைக்கக் கையெழுத்துப் போட்டவனுக்காக. அதிகாரி சலிப்போடு நிமிர்ந்தார். மலையைப் பார்த்தார். தட்டைப் பையில் வைக்கப் போனார். இன்னும் ஒரு நிமிடம் நான் சும்மா இருந்தால் போதும், மூன்று பேரும் திரும்பி இறங்கிவிடுவோம். அவருடைய புல்வெளி அவருக்கு, என் தொழில் எனக்கு. ஆனால் அந்தப் படிவம் கிழியாது. ஆள் அகப்படாத புகாரில், எழுதியிருக்கிற ஒரே பெயர் அவருடையதாகத்தான் கிடக்கும்.

"மேடம்" என்றேன். "என் மச்சான் பொய் சொல்றாரு."

அன்று இரண்டாவது தடவையாக அவர்மேல் புகார்.

"டேய், சும்மா இருடா" என்றார் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் நடந்து போய் அந்தக் கல்லைத் தூக்கி அதிகாரியிடம் காட்டினேன். அவர் கல்லைப் பார்த்தார், பிறகு நாலடி கீழே இருந்த பாறையைப் பார்த்தார்.

"இந்தப் பாறையில என்ன நடந்துச்சு?"

"துணியை உண்ணி மருந்துல நனைச்சேன். நான்தான். மிச்சத்தை இங்கயே ஊத்தினேன்."

"எவ்வளவு?"

"அரை வாளி."

பின்கதவில் மனைவி நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போய் பாட்டிலை எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தாள். மச்சான் அதைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில் ஒரு நீளமான பெயரில் விரலை வைத்தார்.

"இதேதான் மேடம். என் ட்ரம்மிலயும் இதே பேருதான் போட்டிருக்கு. கீழ இன்னொண்ணும் எழுதியிருக்கு. நீர்நிலைகளில் ஊற்றக் கூடாது."

"எனக்காகவா நனைச்சீங்க?" என்றாள் மனைவி. தலையை ஆட்டினேன். "அன்னிக்கு வாசல்லேர்ந்தே கத்திக்கிட்டு வந்தீங்களே, பதினொண்ணு, பதினொண்ணுன்னு..."

அதிகாரி காலையில் எழுதிய படிவத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். புதிதாக ஒன்றை எடுத்தார். மேலே பூச்சி இருப்பதால் அது மெல்லக் கீழே இறங்கும், பறக்கிறவை வந்து முட்டையிடும், ஆறு மறுபடி நிறைய ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம் என்றார். அதுவரை இந்த ஓடையிலிருந்து கீழே ஒரு தூண்டிலும் விழக் கூடாது. என் வழிகாட்டி உரிமமும் அதுவரை அவரிடம் இருக்கும். அபராதம் தனியாக வரும். படிவத்தை என்னிடம் நீட்டி, யார் மீது என்ற இடத்தை நீங்களே எழுதுங்கள் என்றார். ஒரு கையில் கல் இருந்ததால் இன்னொரு கையால் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

மச்சான் பாட்டிலின் மூடியை இறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கொடியில் தொங்கிய கால்சட்டைகளை ஒரு குச்சியால் எடுத்துச் சாக்கில் திணித்தார்.

"நான் ஆடு முக்கறப்பல்லாம் வந்து நிப்பியே மாப்ள" என்றார், என்னைப் பார்க்காமல். "நீ துணி முக்கறப்ப என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

கையில் இருந்த கல் காயத் தொடங்கியிருந்தது. பூச்சிகள் எல்லாம் என் விரல்களின் நிழலுக்குள் ஒதுங்கியிருந்தன. குனிந்து, எடுத்த குழியிலேயே அதை வைத்தேன்.